காப்பீடு போக மீதமிருக்கும் மருத்துவமனைக் கட்டணம்: கட்டுவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

நோயாளி வீட்டுக்குப் புறப்படும் நாளில்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தச் செய்தி வந்து சேர்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குப் பாலிசி இருக்கிறது. பில் மூன்று லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேல் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று பில்லிங் கவுண்டரில் சொல்கிறார்கள். காரணம் கேட்டால், "இன்சூரன்ஸ்ல அவ்வளவுதான் அப்ரூவ் ஆகியிருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நாங்களும் அப்படித்தான், மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டு வந்தோம். பிறகு ஐந்து மாதங்கள் கடிதம் எழுதித்தான் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற முடிந்தது. அந்த மாதங்களில் கற்றுக்கொண்டதை, இந்தியாவில் மருத்துவக் காப்பீடு வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும் வகையில், செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. மீதத் தொகையை ஒரே எண்ணாகப் பார்க்கும்வரை அதில் எதுவும் செய்ய இயலாது. அதற்குள் ஐந்தாறு தனித்தனிப் பிடித்தங்கள் இருக்கும். அவற்றில் சிலவற்றை நாம் கட்டியே தீர வேண்டும். சிலவற்றை மருத்துவமனை நம்மிடம் கேட்கவே கூடாது. வேறு சிலவற்றைக் காப்பீட்டு நிறுவனம் விதிக்கு மாறாகக் கழித்திருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, உரியவரிடம் கொண்டுபோய்க் கேட்பதுதான் இந்த வேலை முழுவதும்.

முதல் படி: மூன்று தாள்கள்

பணம் கட்டுவதற்கு முன் மூன்று ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு மருந்தும் பரிசோதனையும் பொருளும் தேதியோடும் விலையோடும் எழுதப்பட்ட பிரேக்-அப் பில். "மருந்து: 52,000" என்று ஒற்றை வரியில் இருப்பது போதாது. இரண்டாவது, காப்பீட்டு நிறுவனமோ அதன் சார்பில் செயல்படும் டி.பி.ஏ.வோ மருத்துவமனைக்கு அனுப்பிய இறுதி அனுமதிக் கடிதம். எந்தத் தொகை எந்தக் காரணத்துக்காகக் கழிக்கப்பட்டது என்பது அதில்தான் இருக்கும். மூன்றாவது, பாலிசியின் முழு வாசகம். நம் கையில் பெரும்பாலும் இருப்பது பெயரும் தொகையும் அச்சிட்ட இரண்டு பக்க அட்டவணை மட்டுமே. நிபந்தனைகள் அடங்கிய முழு ஆவணத்தை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ செயலியிலிருந்தோ இறக்கிக்கொள்ளலாம்.

விவரமான பில் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ஆம் ஆண்டு தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் அதை நோயாளியின் உரிமையாகவே குறிப்பிடுகிறது. கட்டணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியை வெளியே விடாமல் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதும் அதே சாசனத்தில் உள்ளது.

நேரம் குறித்தும் ஒரு விதி இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் கேஷ்லெஸ் முறையில், முன்அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் அளிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். ஆகவே, மருத்துவமனை எத்தனை மணிக்குக் கோரிக்கையை அனுப்பியது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எதற்காகக் கழித்தார்கள்?

அனுமதிக் கடிதத்தையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எதிரே அதன் காரணத்தை எழுத வேண்டும். இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. பணம் திரும்பி வந்த வீடுகளில் எல்லாம் அது இந்த ஒப்பீட்டில்தான் அகப்பட்டது என்றே எண்ணுகிறேன்.

முதலில் கண்ணில் படுவது 'நான்-பேயபிள்' எனப்படும் மருத்துவம் சாராப் பொருட்கள். இவற்றை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நான்கு பட்டியல்களாக வகுத்திருக்கிறது. முதல் பட்டியலில் உள்ள 68 இனங்களுக்குப் பாலிசி பணம் தராமல் இருக்கலாம். டயப்பர், கையுறை, முகக்கவசம், தெர்மாமீட்டர், நோயாளி அல்லாதவர்களின் உணவு போன்றவை அதில் அடங்கும். இவற்றுக்குத் தனியாக ரைடர் எனும் கூடுதல் காப்பு எடுத்திருந்தால் ஒழிய, நாம்தான் கட்ட வேண்டும். மற்ற மூன்று பட்டியல்களின் கதை வேறு. அவற்றில் உள்ள பொருட்களும் சேவைகளும் முறையே அறை வாடகைக்குள்ளும், அறுவைச் சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளும், சிகிச்சைச் செலவுக்குள்ளும் அடங்கியவையாகக் கருதப்பட வேண்டியவை. கோப்பு தொடங்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், அறுவைச் சிகிச்சைக் கத்தி, பஞ்சுத்துணி ஆகியவை இவ்வகை. இவை பில்லில் தனி வரியாக எழுதப்பட்டு, காப்பீடு அதைக் கழித்து, பிறகு நம் தலையில் வந்து விழுந்திருந்தால், "அறை வாடகையில் அடங்க வேண்டியதைத் தனியாக ஏன் எழுதினீர்கள்?" என்று மருத்துவமனையைக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது.

முதல் பட்டியலில் பலர் கவனிக்காத ஓர் இனம், உள்ளடக்கம் குறிப்பிடப்படாத 'கிட்'. அறுவைச் சிகிச்சை கிட் என்று பில்லில் வெறுமனே எழுதினால் முழுத் தொகையும் கழிக்கப்படும். அதே கிட்டுக்குள் இருக்கும் பொருட்களைப் பெயரோடும் விலையோடும் பிரித்து எழுதித் தந்தால், அவற்றில் பலவற்றுக்குப் பணம் கிடைக்கலாம். மருத்துவமனையிடம் அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்குவதற்குப் பத்து நிமிடம் போதும்.

அடுத்தது அறை வாடகை. பெருந்தொகை போவது பெரும்பாலும் இங்கேதான். பல பாலிசிகளில் நாள் வாடகைக்குக் காப்புத் தொகையில் ஒரு சதவீதம் என்பதுபோல ஒரு வரம்பு இருக்கும். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால், வாடகையின் வித்தியாசம் மட்டும் கழிக்கப்படுவதில்லை; மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். இதற்கு விகிதாசாரப் பிடித்தம் என்று பெயர். ஆனால் எதையெல்லாம் குறைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. 2020ஆம் ஆண்டு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த நெறியின்படி, மருந்து, நுகர்பொருட்கள், உடலில் பொருத்தும் இம்பிளான்ட், மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு விகிதாசாரப் பிடித்தம் பொருந்தாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்துக்கும் பொருந்தாது. அறையின் வகைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் இந்தப் பிடித்தமே கூடாது. உங்கள் பாலிசியில் 'சார்ந்த மருத்துவச் செலவுகள்' என்ற பொருள்படும் வரையறையைத் தேடிப் பாருங்கள். இந்த விலக்குகள் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். காப்புத் தொகை 5,00,000 ரூபாய். அறை வரம்பு நாளொன்றுக்கு 5,000. நாம் தங்கியது 8,000 ரூபாய் அறையில், ஐந்து நாள். வரம்பு வாடகையில் 62.5 சதவீதம்; இதுவே விகிதம். பில்லில் அறை வாடகை 40,000, மருத்துவர் மற்றும் அறுவை அரங்கக் கட்டணம் 1,20,000, மருந்து 50,000, இம்பிளான்ட் 60,000, பரிசோதனை 20,000 என மொத்தம் 2,90,000 ரூபாய். முறையாகக் கழித்தால் அறைக்கு 25,000, மருத்துவர் மற்றும் அரங்கத்துக்கு 75,000, எஞ்சிய மூன்றுக்கும் முழுமையாக 1,30,000 என்று 2,30,000 ரூபாய் கிடைக்க வேண்டும். மொத்த பில்லையும் 62.5 சதவீதமாகக் குறைத்துவிட்டால் 1,81,250தான் வரும். வித்தியாசம் 48,750 ரூபாய். எங்கள் வீட்டுக் கடிதத்திலும் இம்பிளான்ட்டின் விலை இப்படித்தான் குறைக்கப்பட்டிருந்தது. பிடித்தத்தின் பெயரைப் பார்த்தோமே தவிர, அது எந்தெந்த வரிகளின் மேல் போடப்பட்டது என்று அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை.

மூன்றாவதாக, மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டணம் சார்ந்த பிடித்தம். 'ஹாஸ்பிடல் டிஸ்கவுன்ட்', 'டாரிஃப் டிடக்‌ஷன்' என்ற பெயர்களில் இது வரும். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நெட்வொர்க் மருத்துவமனை தானே ஏற்றுக்கொண்ட தள்ளுபடி இது. அதை நோயாளியிடம் வசூலிப்பது அந்த ஒப்பந்தத்துக்கே முரணானது. நோயாளியிடம் எவற்றை மட்டும் வாங்கலாம் என்று அனுமதிக் கடிதத்தின் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிக் கேளுங்கள்.

'நியாயமான, வழக்கமான கட்டணத்துக்கு மேற்பட்டது' என்று கழித்திருந்தால், எந்த மருத்துவமனைகளோடு ஒப்பிட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். அதே வட்டாரத்தில், அதே தரத்திலான சேவைக்கு உள்ள கட்டணத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது பாலிசியின் வரையறை. நிறுவனமே கட்டணத்தை ஒப்புக்கொண்டிருக்கும் நெட்வொர்க் மருத்துவமனையில் இந்தக் காரணம் நிற்பது கடினம்.

பில்லில் நாம் ஏற்க வேண்டிய சதவீதமான கோ-பே, கண்புரை போன்ற சில சிகிச்சைகளுக்கான தனி உச்சவரம்பான சப்-லிமிட் ஆகியவை பாலிசியில் எழுதியிருந்தால் அவை நம் பொறுப்பு. சதவீதத்தைச் சரியாகக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பில்லின் விலைகளையும் ஒருமுறை பாருங்கள். இதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் இம்பிளான்ட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை விதித்தது. பொருத்தப்பட்ட சாதனத்தின் ஸ்டிக்கரையும் கம்பெனி இன்வாய்ஸையும் கேட்டு வாங்கி விலையை ஒப்பிடலாம். நாமே கட்டிய பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெறும் ரீஇம்பர்ஸ்மென்ட் கோரும்போதும் அவை தேவைப்படும். பயன்படுத்தாமல் வார்டிலிருந்து திருப்பி அனுப்பிய மருந்துகள் பில்லில் கழிக்கப்பட்டுள்ளனவா, வருகை தராத நாளுக்கும் மருத்துவர் கட்டணம் எழுதப்பட்டுள்ளதா என்பவற்றையும் கவனியுங்கள்.

மூன்றாம் படி: கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்

ஒப்பிட்டு முடித்ததும் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் அமைதியாகப் பேசுங்கள். அங்கே இருப்பவர் அந்தப் பிடித்தத்தைப் போட்டவர் அல்லர். ஆனால் மறுபரிசீலனைக் கோரிக்கையை அன்றே அனுப்பக்கூடியவர் அவர்தான். "இம்பிளான்ட்டுக்கு விகிதாசாரப் பிடித்தம் பொருந்தாது, இதைச் சுட்டிக்காட்டித் திருத்தக் கோரி அனுப்புங்கள்" என்று குறிப்பாகச் சொன்னால் வேலை நடக்கும். சிகிச்சையின் தேவை குறித்து நிறுவனம் கேள்வி எழுப்பியிருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவரிடம் இரண்டு பத்தியில் விளக்கக் கடிதம் பெற்று இணைக்கச் சொல்லுங்கள். பல பிடித்தங்களுக்குக் காரணம், மருத்துவமனை எழுதிய பதில் தெளிவில்லாமல் இருந்ததுதான்.

எல்லாம் செய்தும் அன்று முடியவில்லை என்றால், நோயாளியைக் காக்க வைக்காமல் பணத்தைக் கட்டிவிடலாம். கட்டும்போது பில்லின் நகலில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, எந்த இனங்களுக்கு ஆட்சேபம் என்பதையும் குறிப்பிட்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகைக்கும் ரசீது வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றோடு, உள்நோயாளிச் சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட்டின் நகலுக்கும் எழுத்தில் விண்ணப்பியுங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கோரிய 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும்.

கேஷ்லெஸ் கோரிக்கை முழுமையாக மறுக்கப்பட்டவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டதால் கிளெய்ம் மறுக்கப்பட்டுவிட்டதாகப் பொருளில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, பாலிசியில் குறிப்பிட்ட நாட்களுக்குள் எல்லா அசல் ஆவணங்களோடும் ரீஇம்பர்ஸ்மென்ட் கோரலாம். பாலிசி இடைவிடாமல் 60 மாதங்கள் நடந்திருந்தால், பழைய நோயை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க இயலாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு.

நான்காம் படி: வேறு பாலிசிகள்

மீதத் தொகைக்காகக் கடன் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் எல்லாக் காப்பீடுகளையும் எடுத்துப் பாருங்கள். பணியிடத்தின் குழுக் காப்பீடு, கணவன் அல்லது மனைவியின் நிறுவனக் காப்பீடு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவுக்கு உதவும் டாப்-அப் பாலிசி ஆகியவை அவசரத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஒரு பாலிசியில் காப்புத் தொகை தீர்ந்தபின் மீதியை மற்றொன்றில் கோருவதற்கு அனுமதி உண்டு. முதல் நிறுவனத்திடமிருந்து தீர்வுக் கடிதத்தையும், சான்றளித்த பில் நகல்களையும் பெற்று இரண்டாவது நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய, வெளிவந்த பிந்தைய செலவுகளையும் விட்டுவிடாதீர்கள். முன்னர் 30 நாள், பின்னர் 60 நாள் என்பது பரவலான கணக்கு. சில பாலிசிகளில் இன்னும் கூடுதல். டிஸ்சார்ஜுக்குப் பின் வாங்கும் மருந்துகளும் மறுபரிசோதனைகளும் இதில் அடங்கும். கேஷ்லெஸ் முறையில் சிகிச்சை முடித்தவர்கள் இதற்கெனத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

சிகிச்சை இன்னும் தொடர வேண்டியிருந்தால், அரசுத் திட்டங்களை இப்போதே பாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் காப்பு, 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இவை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சேரும்போது பயன்படுத்த வேண்டியவை. நாமே கட்டி முடித்த பழைய பில்லுக்கு இவற்றை நம்பியிருக்க முடியாது. இதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெருஞ்செலவுகளுக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்தும் பகுதி உதவி கோரலாம்.

ஐந்தாம் படி: எழுத்தில் முறையிடுதல்

தவறான பிடித்தம் என்று உறுதியானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது எங்கும் பதிவாகாது. கடிதத்தில் பாலிசி எண், கிளெய்ம் எண், மருத்துவமனையில் சேர்ந்த தேதி, பில் தொகை, கிடைத்த தொகை ஆகியவற்றுக்குப் பிறகு, ஒவ்வொரு பிடித்தத்தையும் தனிப் பத்தியாக எழுதி, பாலிசியின் எந்தப் பிரிவின்படி அது தவறு என்பதையும், எவ்வளவு ரூபாய் வர வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். பட்ட துன்பம் உண்மையானதே. ஆனால் அந்தக் கடிதத்தைப் படிப்பவர் ஒரு கணக்கைத்தான் திருத்தப் போகிறார். எங்கள் முதல் கடிதம் மூன்று பக்கம் இருந்தது, அதற்குப் பொதுவான மறுப்பே வந்தது. இம்பிளான்ட்டை மட்டும் பற்றி அரைப்பக்கத்தில் எழுதிய இரண்டாவது கடிதத்துக்குத்தான் பதில் கிடைத்தது. பிடித்தத்துக்குக் காரணமான பாலிசிப் பிரிவைக் குறிப்பிட்டே பதில் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகாருக்கு 14 நாட்களுக்குள் தீர்வு தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். இது நிறுவனத்தை மறுபடி பார்க்க வைக்கும்; தீர்ப்பு வழங்காது.

தீர்ப்பு வேண்டுமென்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் செல்ல வேண்டும். நிறுவனம் மறுத்த பிறகோ, புகார் அளித்து ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் மனு செய்யலாம். கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். முப்பது நாட்களுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நமக்கு அது போதவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தை நாடும் வழி மூடப்படுவதில்லை. சாதாரணக் குடும்பங்களுக்கு இவ்வளவு எளிதான வழி இருந்தும் பலர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆம்புட்ஸ்மேன் மருத்துவமனைமீதான புகாரை விசாரிக்க மாட்டார். கூடுதல் வசூல், செய்யாத சேவைக்குக் கட்டணம் போன்றவற்றுக்கு முதலில் மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். பலன் இல்லாவிட்டால், தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் மனு அளிக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இரண்டாண்டு கால அவகாசம் உண்டு.

ஆறாம் படி: நாமே கட்ட வேண்டிய பகுதி

எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு தொகை எஞ்சும். அதற்கு முதலில் மருத்துவமனையிடமே தள்ளுபடியோ தவணையோ கேளுங்கள். மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கும் மருத்துவமனைகளில் அவர் வழியாக அறக்கட்டளை உதவியும் கிடைக்கலாம். கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. பில் இறுதியாவதற்கு முன் கேட்பது மட்டும் முக்கியம்.

கடன்தான் வழி என்றால் வரிசையைப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதியில் இருப்பவர்கள் நோய்க்கான முன்பணம் எடுக்கலாம். அதற்கு வட்டி இல்லை, ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும். வங்கியின் நகைக்கடன் வட்டி, தனிநபர் கடனைவிடப் பொதுவாகக் குறைவு. கிரெடிட் கார்டில் கட்டிவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வருவது எல்லாவற்றிலும் மோசமானது. ஆண்டு வட்டி 40 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். திரும்ப வர வேண்டிய கிளெய்ம் பணத்தை நம்பிக் குறுகிய காலக் கடன் வாங்க வேண்டாம். அது வருவதற்கு மாதங்கள் ஆகலாம்.

நோயாளி வீடு திரும்பிய அன்று யாருக்கும் தாள்களைத் தொடத் தோன்றாது. இரண்டு நாள் கழித்து உட்காரலாம், தவறில்லை. ஆனால் பின்னர் உங்கள் புகாருக்கு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் வந்தால், அது வந்த தேதியை மட்டும் அன்றே கடிதத்தின் மேல் எழுதி வையுங்கள். ஆம்புட்ஸ்மேனின் ஓராண்டு அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது.